எந்தப் பக்கம்

கோபிகா உள்ளே போனதும் கதவு தானாகவே சாத்திக்கொண்டது. அவசரமே இல்லாமல், யாரோ உள்ளிருந்து மெதுவாக இழுப்பது போல. கடைசி ஒரு சாண் இடைவெளி மூடுவதற்குள் அவள் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளியதும், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டதும், திரும்பிப் பார்க்காமல் நடந்ததும் நஞ்சப்பனுக்குத் தெரிந்தது. அப்புறம் கதவு மட்டும்தான். அதில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஆண்கள் உள்ளே வரக் கூடாது. யாரும் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை, அவனும் போக நினைக்கவில்லை, இருந்தாலும் அந்தத் தாள் தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறது என்று பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நர்ஸ் கேட்டாள், "கூட லேடீஸ் யாரும் வரலீங்களா?" "நான் மட்டுந்தானுங்க. அப்பா." "அம்மா?" "மஸ்கட்டுல வேலைங்க, ஒரு வீட்டுல. மூணு வருசமாச்சு." மூணு வருசம் என்று ஏன் சொன்னோம், அதை யார் கேட்டார்கள். நர்ஸ் கோபிகாவின் பக்கம் திரும்பி, "செயினைக் கழட்டி அப்பாகிட்டக் குடுத்துரு கண்ணு" என்றாள். அந்தச் செயின் இப்போது அவன் உள்ளங்கையில் இருந்தது. சட்டைப் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று முதலில் நினைத்தான். அதன் பிறகு, அதில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்ததால் வைத்திருந்தான். சூடு போய் ரொம்ப நேரமாகியும் விரல் விரியவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்று ஸ்கேனுக்கு வந்தவர்கள்; மூத்திரப் பை முட்டினால்தான் படம் தெளிவாக விழுமாம். ஒரு அம்மா லிட்டர் பாட்டிலை அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னும் முட்டலீங்க சிஸ்டர்" என்று புகார் சொன்னாள். நஞ்சப்பனுக்கும் வந்ததிலிருந்து வாய் வறண்டு கிடந்தது. பார்த்துப் பார்த்து அவனும் மூன்று டம்ளர் குடித்துவிட்டான். இப்போது முட்டுகிறது. கழிப்பறை கீழ்த்தளத்தில். போய்விட்டு வர நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் அவள் வெளியே வந்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தால்? காலியான நாற்காலியை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான். அவள் எதையும் சொல்ல மாட்டாள். அவன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

சொன்னது மரகதக்காதான். ஒன்பது நாளைக்கு முன்னால், பொதுக் குழாயடியில், குடம் நிரம்பி வழிவதைக் கூடக் கவனிக்காமல். வரிசை வீட்டில் பக்கத்து வீடு, பிளவுஸ் தைக்கிறவள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்கூலில் கடைசி நாள் விழாவுக்குச் சேலை கட்ட வேண்டும் என்று கோபிகா அளவு கொடுக்கப் போயிருக்கிறாள். டேப்பை முன்னால் சுற்றி இழுத்ததும் பிள்ளை முகத்தைச் சுளித்திருக்கிறது. "வலிக்குதா அம்மிணின்னு கேட்டேன். இல்லீங்கத்தைன்னா. அப்பறம் ஏன் சுளிக்கறேன்னேன். அழுதுட்டா தம்பி." அழுதுட்டா என்ற சொல்லைக் கேட்டபோதே அவன் தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டான், கட்டி என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. "நாலு மாசமா இருக்குதாம். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலையாம்." மரகதக்கா தன் கட்டைவிரல் நுனியைக் காட்டி, "இத்தினிகூண்டு" என்றாள். அவன் அந்தக் கட்டைவிரலையே பார்த்தான். நகத்தில் நூல் இழுத்து இழுத்து விழுந்த வெட்டு இருந்தது. உருளுதா, ஒட்டியிருக்கா? அவன் வாயிலிருந்து அது வந்தேவிட்டது. "என்ன கேட்டீங்க?" என்றாள் அவள். "கட்டி... தொட்டா நகருதுங்களா, இல்ல அசையாம இருக்குதுங்களா?" மரகதக்காவின் முகம் மாறியது. "அதெல்லாம் நீங்க கேக்காதீங்க தம்பி. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க." இன்றைக்குத் தானே கூட வருகிறேன் என்றும் சொல்லியிருந்தாள். விடிகாலையில் பொள்ளாச்சியிலிருந்து போன், அவள் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று. ஓடினாள். குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. இங்கே நாற்காலியில் உட்கார வேண்டியவள் அவள். உள்ளேயே போயிருப்பாள்.

உருளுதா, ஒட்டியிருக்கா. அவன் விரல்களுக்கு அது தெரியும், அதுதான் கொடுமை. பதினோரு வருடமாக அவன் வேலை பார்ப்பது ஆராய்ச்சிக் கழகத்தின் அனிமல் ஹவுஸில். எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, செவ்வாய்க்கிழமை எடை பார்ப்பது, வியாழக்கிழமை தடவிப் பார்ப்பது. இடது கையில் சுண்டெலியைக் கழுத்துத் தோலோடு பிடித்துத் திருப்பி, வலது கை விரல் மூன்றைத் தட்டையாக வைத்து, முன்கால் இடுக்கிலிருந்து பின்கால் இடுக்கு வரை வர வேண்டும். அழுத்தக் கூடாது, வழுக்கிப் போக வேண்டும். கேழ்வரகு அளவு இருந்தால்கூட விரல் நின்றுவிடும். நிற்கிற இடத்தில் லேசாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நழுவினால் நோட்டில் ஒரு குறி. நழுவாவிட்டால் வேறு குறி. அங்கே ஆராய்ச்சி செய்கிற ரெஹானா மேடம் சொல்வார், "படிச்சுட்டு வந்த பசங்க ரெண்டு வாரம் கழிச்சுக் கண்டுபிடிக்கறதை நஞ்சப்பன் விரல் இன்னைக்கே கண்டுபிடிச்சுரும்." அதைக் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கோபிகாவிடம் சொன்னான்கூட. "சூப்பர்ப்பா" என்றாள் அவள். அது எந்த மாதம்? கார்த்திகையா? நாலு மாதம் என்றால் அப்போது அவளுக்கு அது இருந்திருக்கிறது. அப்பன் எலியின் மாரில் கட்டி கண்டுபிடித்த பெருமையை அவள் தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். சூப்பர்ப்பா. அந்தக் குரலை அவன் திரும்பத் திரும்ப உள்ளே ஓடவிட்டுப் பார்த்தான். அதில் ஏதாவது தட்டுகிறதா? ஒன்றுமில்லை. வழுவழுவென்று இருந்தது. அவனுக்கு எலியைப் படிக்கத்தான் தெரிந்திருக்கிறது.

எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. ஒருத்தி வெங்காயம் நறுக்கினாள், சிரித்தாள், நறுக்கினாள். பத்து முப்பத்தைந்து. மதியம் ஒரு மணிக்கு ஷிப்ட். ஒன்றிலிருந்து ஒன்பது. வெளியே வெயில் கொளுத்தும்போது அவன் உள்ளே போவான், உள்ளே இருட்டாக இருக்கும். காலை எட்டு மணிக்கு விளக்கை அணைத்து, மாலை எட்டு மணிக்குப் போடுவார்கள். எலிக்கு இருட்டுத்தான் பகல், அப்போதுதான் ஓடும், தின்னும். அந்த இருட்டில் ஒரே ஒரு சிவப்பு பல்பை வைத்துக்கொண்டு வேலை. பாதிக் கூண்டுகளுக்கு விழித்திருக்கும் நேரத்தில் தீனி. மீதிப் பாதிக்குத் தூங்க வேண்டிய நேரத்தில் மட்டும் தீனி. அவன் வாய்க்கு வந்தபடி சரியான நேரத்துக் கூண்டு, தப்பு நேரத்துக் கூண்டு என்று பெயர் வைத்தான், மேடமும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். தீனி ஒன்றேதான், அளவும் ஒன்றேதான். ஆனால் தப்பு நேரத்துக் கூண்டு எலிகள் கொழுத்துப் போகின்றன. பொசுபொசுவென்று, ஓடச் சோம்பல்பட்டு. ஒரு நாள் மேடம் அவனை உட்கார வைத்துச் சொன்னார்: "மூளையில மட்டும் கடிகாரம்னு நெனைக்காதீங்க. ஈரல்ல ஒண்ணு ஓடுது, குடல்ல ஒண்ணு ஓடுது, தோல்ல, மார்புல, எல்லா எடத்துலயும் ஓடுது. நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டா ஒண்ணு வடக்க ஓடும், ஒண்ணு தெக்க ஓடும்." "அப்படி ஓடுனா என்னாகுங்க மேடம்?" "அதைத்தானே பாக்கறோம்." குட்டி போடாத இளம் பெட்டை எலிகளாகப் பார்த்து எடுத்து, கட்டி வருகிற மருந்தையும் கொடுத்து, எந்தக் கூண்டில் முதலில் வருகிறது என்று பார்க்கிறார்கள். அதைத்தான் அவன் வியாழக்கிழமைதோறும் தடவுகிறான்.

மூணு வருடமாகக் கோபிகா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது பத்தரைக்கு. இது அவனுக்கு எந்தக் கணத்தில் உறைத்தது என்று கேட்டால் சொல்லிவிடுவான். மரகதக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, குழாயை அடைக்கக் கை வைத்த கணத்தில். வசந்தாமணி இருந்தவரை ஏழரைக்கு அடுப்பை அணைத்துவிடுவாள். அவள் மஸ்கட் போன பிறகு, அவன் ஒன்பதுக்கு வேலை முடித்து, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, குளித்து, குழம்பைச் சுட வைத்து, பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார்ந்தால் பத்தரை. சில நாள் பதினொன்று. தப்பு நேரத்துக் கூண்டு. அவன் கையாலேயே வைத்த தீனி. ச்சீ, இது என்ன நினைப்பு, பிள்ளை எலியா? பிள்ளைக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லையே. ஆனால் நோட்டை அவன் புரட்டிப் பார்த்தான். போன வாரம், யாரும் இல்லாதபோது, சிவப்பு வெளிச்சத்தில் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு. தப்பு நேரத்துக் கூண்டில் கட்டி வந்தவை நான்கு. சரியான நேரத்துக் கூண்டில் மூன்று. நான்கு, மூன்று. நான்கு பெரிதா? ஒன்றுதானே கூட. அந்த ஒன்று எது, அதன் வாலில் என்ன எண், அது எப்படிப் பார்க்கும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். மறுநாள் மேடமிடம் கேட்டான், சும்மா கேட்கிற மாதிரி. "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது நஞ்சப்பன். இன்னும் எத்தனையோ கூண்டு பாக்கணும். தற்செயலாக்கூட இருக்கும்." "சரிங்க மேடம்." கொஞ்சம் நின்றுவிட்டு, "எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுங்க, பதினேழு வயசு, மாருல கட்டின்னு சொல்றாங்க. எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுருங்களா?" என்றான். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அந்த வயசுல எக்ஸ்ரே பிரயோஜனமில்ல. சதை இறுக்கமா இருக்கும், எல்லாம் வெள்ளையாத்தான் விழும். அல்ட்ராசவுண்ட்தான் பாக்கணும். சீக்கிரம் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க." அப்புறம், அவன் கதவருகே போன பிறகு, "பயப்பட வேண்டாம்னும் சொல்லுங்க" என்றார். சொந்தக்காரப் பெண் யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, கேட்காததற்குக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றும் தோன்றியது.

கதவு திறந்தது. நஞ்சப்பன் எழுந்துவிட்டான், வயிறு முட்டியதில் பாதி குனிந்தபடியே. கோபிகா இல்லை, நர்ஸ்தான். கையில் ஒரு படிவம். "கோபிகா அப்பா?" "நாந்தானுங்க." "டாக்டர் கேக்கறாங்க. குடும்பத்துல யாருக்காச்சும் மார்புல கட்டி, புத்துநோய், அந்த மாதிரி ஏதாச்சும் வந்திருக்குதுங்களா? அம்மா வழில முக்கியம். அம்மா, அம்மாவோட அம்மா, சித்தி பெரியம்மா." தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அம்மா பாட்டிலை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் யோசித்தான். மாமியார் செத்தது கல்யாணத்துக்கு முன்னால். எதில் செத்தாள்? ஏதோ சொன்னார்கள். நெஞ்சு வலி என்றா, நெஞ்சில் ஏதோ என்றா? இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டியின் அம்மா எதில் செத்தாள் என்று தெரியவில்லை. பெரியம்மா ஒருத்தி சத்தியமங்கலத்தில், அவளுக்குச் சர்க்கரை. "தெரியலீங்க" என்றான். "புள்ளைக்கும் தெரியலையாம். அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்களேன், போன் இருக்குதில்ல?" நர்ஸ் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனும் கோபிகாவும் ஒன்பது நாளாகச் சேர்ந்து கட்டிக்காத்தது அது ஒன்றுதான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நேற்று வீடியோவில் வசந்தாமணி, "ஏன் சாமி கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது?" என்றபோது கோபிகா, "கணக்கு டெஸ்ட்மா" என்றாள், அவனும் பின்னாலிருந்து, "ஆமா, டெஸ்ட்டு" என்றான். அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்குச் சொன்னால் அவள் என்ன செய்யப்போகிறாள். பாஸ்போர்ட் அவள் வேலை பார்க்கிற வீட்டுக்காரர்களின் அலமாரியில். அழுவாள். அழுதுகொண்டே அவர்கள் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுவாள்.

மாடிப்படி முனைக்குப் போய் நின்றான். இங்கே பத்தே முக்கால் என்றால் அங்கே ஒன்பதே கால். அவள் எப்போதும் அவர்கள் மதியம் படுத்த பிறகுதான் கூப்பிடுவாள். அவன் இந்த நேரத்தில் மூணு வருடத்தில் ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. மணி அடித்தது. இரண்டு முறை, மூன்று முறை. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே எடுத்துவிட்டாள். "ஏனுங்க. பாப்பாவுக்கு என்னாச்சு?" ஹலோ இல்லை, ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்ல, சும்மாதான்..." "சும்மா இந்நேரத்துக்குக் கூப்புட மாட்டீங்க. சொல்லுங்க." பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், பாத்திரச் சத்தம். "உங்கம்மா எதுல செத்தாங்க?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று தெரிந்தது. "என்னங்க கேக்கறீங்க?" "இல்ல... அவங்களுக்கு மாருல கட்டி கிட்டி ஏதாச்சும்..." தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் குழாயை அடைத்திருக்க வேண்டும். அவள் மூச்சு விடுவது கேட்டது. அவன் காதில் போனை அழுத்திக்கொண்டு, கீழே தெரிந்த பேக்கரியின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். "எந்தப் பக்கம்?" என்றாள் வசந்தாமணி.

எந்தப் பக்கம். அவன் வாயைத் திறந்தான். இடதா வலதா. மரகதக்கா சொன்னாளா? சொல்லவில்லை. அவன் கேட்டானா? உருளுதா என்று கேட்டான், ஒட்டியிருக்கா என்று கேட்டான், எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஒன்பது நாளாக அந்தக் கட்டியை அவன் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான், வண்டி ஓட்டும்போதும் கூண்டு கழுவும்போதும், அதற்கு ஒரு பக்கமே இல்லாமல். "தெரியலை" என்றான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை. "எங்கம்மாளுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவங்க நெஞ்சு வலில போனவங்க" என்றாள். பிறகு, "எனக்கு இருந்துச்சு" என்றாள். "என்ன இருந்துச்சு?" "கட்டிங்க. பத்தொம்போது வயசுல. ஈரோட்டுல எடுத்தாங்க. சாதாக் கட்டின்னு சொல்லிட்டாங்க. அப்பறம் வரலை." அவனுக்கு முதலில் அது வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல இருந்தது. அப்புறம் அந்தத் தழும்பு கண்முன் வந்தது; இடது பக்கம், கீழே, பிறை மாதிரி, கல்யாணமான புதிதில் கேட்டபோது, "சின்னதுல குழம்பு கொட்டிருச்சுங்க" என்று சொல்லி விளக்கின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். "குழம்புன்னு சொன்னே" என்றான். "சொன்னேன்." "இருவது வருசமா?" "அன்னைக்குச் சொல்லியிருந்தா நீங்க கட்டியிருப்பீங்களா?" கட்டியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான். இன்றைக்கு இருக்கிற நஞ்சப்பன் கட்டியிருப்பான். அன்றைக்கு இருந்தவன், அவன் அம்மாவும் தாய்மாமனும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றிய அன்றைக்கு, அந்தச் சிவப்புச் சட்டைக்காரன்? அவனைப் பற்றி இவனால் உத்தரவாதம் தர முடியவில்லை. யாரோ ஒரு பெண் அவளைக் கூப்பிடும் குரல் தூரத்தில் கேட்டது, அவனுக்குப் புரியாத மொழியில். "போய்ச் சொல்லுங்க. அம்மாவுக்கு இருந்துச்சு, சாதாக் கட்டின்னு சொல்லுங்க. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு உடனே கூப்புடுங்க. நான் போனை இடுப்புலயே வெச்சிருக்கேன்." பின்னால் அந்தக் குரல் மறுபடி, இந்த முறை கொஞ்சம் கோபமாக. "பாப்பாகிட்ட என்னைப் பத்தி நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லிக்கறேன்." போன் வைக்கப்பட்டது.

நர்ஸிடம் போய் நின்றுவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். பாட்டில் அம்மா இருக்கிறாள், அவள் பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள், எல்லோருக்கும் காது இருக்கிறது. பெண்டாட்டியின் மாரைப் பற்றி, அவள் இருபது வருடம் அவனிடமே மறைத்ததை, இவ்வளவு பேர் முன்னால். நர்ஸின் காதுக்கு அருகே குனிந்து, "அவங்கம்மாளுக்கு இருந்துச்சுங்க. பத்தொம்போது வயசுல. எடுத்துட்டாங்க. சாதா" என்றான். நர்ஸ் எழுதிக்கொண்டு, "என்ன வயசு, பத்தொம்பதா?" என்று உரக்கக் கேட்டாள். "ஆமாங்க." "எந்தப் பக்கம்?" இதற்கு அவனிடம் பதில் இருந்தது. "இடதுங்க" என்றான். நல்ல மாணவன் மாதிரி.

பதினொன்று ஐந்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். தாள் ஒட்டிய கதவு வழியாக அல்ல, பக்கத்து அறைக்கு. டாக்டருக்கு நாற்பது வயது இருக்கலாம். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கோபிகா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தோரம் ஜெல்லின் பிசுக்கு சரியாகத் துடைக்கப்படாமல் மின்னியது. அவன் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டான், அப்புறம் ஏன் திருப்பினோம் என்று வெட்கப்பட்டான். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "வலது பக்கம் ஒரு கட்டி. ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஓரமெல்லாம் வழுவழுன்னு இருக்கு, அழுத்துனா நகருது. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றதுல பெரும்பாலும் சாதாக் கட்டிதான். பாத்தா அப்படித்தான் தெரியுது. ஆனா ஸ்கேனை மட்டும் வெச்சு நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். நடுவுல பெருசாச்சுன்னா ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணிரலாம்." நகருது. அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே எதுவோ அவிழும் என்று ஒன்பது நாளாக நம்பியிருந்தான். கொஞ்சம் அவிழ்ந்தது. உடனே ஆறு மாசம் என்ற முடிச்சு விழுந்தது. எலிக்கு ஒரு வாரம். அடுத்த வியாழக்கிழமை தெரிந்துவிடும். "அதுவரைக்கும் என்னங்க பண்றது?" "ஒண்ணும் பண்ண வேண்டாம்." "மாத்திரை, பத்தியம்..." "ஒண்ணுமே வேண்டாங்க. பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்க." ஒண்ணுமே வேண்டாம். அவன் நாற்காலியை விட்டு எழ வேண்டியதுதான். எழவில்லை. "டாக்டர், ஒண்ணு கேக்கலாங்களா. ராத்திரி லேட்டா சாப்புட்டா வருங்களா இது? தெனமும் பத்தரை, பதினொண்ணுன்னு... மூணு வருசமா நான்தானுங்க... என் வேலை நேரம் அப்படி..." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னு நான் எங்கயும் படிச்சதில்லீங்க. இதுல யார் தப்பும் இல்ல. ஏன் வருதுன்னு கேட்டா, பாதிப் பேருக்கு எனக்கே பதில் தெரியாது." கோபிகா திரும்பி அவனைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து முதல் முறையாக. யாரோ ஒருவர் இவ்வளவு நேரம் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தவள் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை, மேசை மேல் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

கீழே கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது அவள் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தாள். செயினைக் கொடுத்தான், போட்டுக்கொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லிட்டேன் அம்மிணி" என்றான். "டாக்டர் கேக்கச் சொன்னாங்க, வேற வழி தெரியலை." அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். "என்ன சொன்னாங்க?" என்றாள். "உன்கிட்டயே சொல்றாங்களாம்." எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினான். முதல் மணியிலேயே எடுத்தாள் வசந்தாமணி. கோபிகா, "மா" என்றாள். அவ்வளவுதான் அவன் கேட்டது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்து, வண்டிகளைத் தாண்டி, மதில் ஓரம் இருந்த வேப்பமரத்தின் பக்கம் போய்விட்டாள். அவனுக்கு முதுகு மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னுகிற மாதிரி பின்னிய சடை. தலை ஆடியது, இல்லை என்று. அப்புறம் ஆமாம் என்று. அப்புறம் வெகுநேரம் அசையவில்லை. வசந்தாமணி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், ஈரோட்டை, பத்தொன்பது வயசை, அவனிடம் சொல்லாத அத்தனையையும். அவனிடம் இரண்டு வரியில் முடித்ததை அவளிடம் விரித்துச் சொல்வாள். வலித்ததா, தையல் எத்தனை, எந்த அக்கா கூட வந்தாள், அறைக்குள் என்ன வாசனை. ஒருவேளை அவனைப் பற்றியும் சொல்லலாம். குழம்பு கொட்டினது என்று சொன்னதை நம்பிவிட்டார் என்று. கோபிகாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்தாள், அது தெரிந்தது. ஒன்பது நாளில் அவன் முன்னால் அவள் ஒரு முறைகூட அழவில்லை. அவன் இரண்டு எட்டு வைத்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலேயே, இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வராதீங்க. கோபமாக இல்லை. அந்தப் பேச்சில் அவனுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

நின்றான். வெயில் ஏறியிருந்தது. ஒரு மணிக்குள் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் லீவு சொல்ல வேண்டும், எதற்கென்று சொல்வது. டாக்டர் கொடுத்த ஸ்கேன் உறையிலிருந்து தாளை உருவிப் பார்த்தான். ஆங்கிலத்தில் ஏதேதோ. அவனுக்குத் தெரிந்த ஒரு சொல்லில் விரல் நின்றது. ரைட். வலது. கீழே ஒரு எண், மூன்று என்று. எதில் மூன்று? ஐந்திலா, பத்திலா? கேட்காமல் வந்துவிட்டோம். மறுபடி மேலே ஏறிக் கேட்கலாமா? ஏறினால் அவள் பேசி முடித்துத் திரும்பும்போது இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பின்னால் ஹாரன் அடித்தது. ஸ்கூட்டரில் ஒருவர், பின்னால் கர்ப்பிணிப் பெண். "ஏனுங்ணா, வண்டியக் கொஞ்சம் நகத்துனீங்கன்னா நாங்க விட்டுக்குவோம்." "சரிங்க" என்றான் நஞ்சப்பன். ஸ்டாண்டை எடுத்து, வண்டியை அரை அடி பின்னால் தள்ளி, மறுபடி ஸ்டாண்டைப் போட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.